குவியமாக்கி வேண்டாம், குவியத்திருகு போதும். ‘லூஸ்’ என்பதற்கு மூன்று சொற்கள்

குழுவினருக்கு வணக்கம்.

தொலைநோக்கியில் பிம்பம் தெளிவாகும்வரை குமிழைத் திருப்புவோமே, அந்த ஃபோகஸருக்குத் தமிழ்ச்சொல் தேடியபோது, போன வாரம் நம் குழுவில் ‘குவியமாக்கி’ என்ற சொல் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. புதுத் தொலைநோக்கியின் அந்த உறுப்போடு நாலு ராத்திரி மல்லுக்கட்டியாயிற்று. இப்போது சொல்கிறேன்.

என்னுடையது 150 மி.மீ. ஆடியும் 750 மி.மீ. குவியத்தொலைவும் கொண்ட நியூட்டன் வகை. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் வைத்து வியாழனைப் பார்த்தேன். ஃபோகஸரின் குமிழைத் தொட்டாலே கோள் பக்கவாட்டில் துள்ளி ஓடியது. கண்ணருகு வில்லையைத் தாங்கும் இழுகுழலைப் பிடித்துப் பார்த்தால், விழப்போகிற பால்பல் மாதிரி அசைகிறது. இந்தக் குவியத்தொலைவில் குழல் 1 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தாலே காட்சி வியாழனின் அகலத்தைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு தள்ளிப்போகும். துள்ளாமல் என்ன செய்யும்?

விற்ற கடைக்குப் போன் போட்டு “லூஸாக இருக்கிறது” என்றேன். “அடியில் ஒரு திருகு இருக்கும், முடுக்குங்க சார்” என்றார்கள். அது பூட்டுத் திருகு. முடுக்கினேன். ஆட்டம் நின்றது, குழல் நகர்வதும் நின்றது.

கடைசியில் முதுநகரில் படகு எஞ்சின் பார்க்கிற மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். தொலைநோக்கியை அவர் அதுவரை தொட்டதில்லை. குழலை அசைத்துவிட்டு “இது ஆட்டம்” என்றார். குமிழை முன்னும் பின்னும் உருட்டிவிட்டு “இது வேற, பல்லு சரியா உக்காரல” என்றார். அதற்குள் ஒரு டீ ஆறியிருக்காது. கடைக்காரரும் நானும் ஒரே சொல்லில் இரண்டு கோளாறைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தோம்.

ஆகவே என் முன்மொழிவு. குழல் தன் கூட்டுக்குள் பக்கவாட்டில் அசைந்தால் அது ‘ஆட்டம்’. மேலே தலையில்லாத குட்டித் திருகுகள் உள்ளே ஒரு பட்டையை அழுத்திக்கொண்டிருக்கும். அலன் கீயால் (அறுகோண முனையுள்ள சாவி) கால் சுற்று, கால் சுற்றாக இறுக்க வேண்டும். குமிழைத் திருப்பும் திசையை மாற்றும்போது கொஞ்ச தூரம் குழல் அசையாமல் குமிழ் மட்டும் சுற்றினால் அது ‘வெறுஞ்சுற்று’. சைக்கிள் பெடலைப் பின்னால் சுற்றிவிட்டு முன்னே மிதித்தால் முதலில் காலில் பாரமே தெரியாதே, அதேதான். பற்சக்கரத்தைத் தாங்கும் தகட்டின் நான்கு திருகுகளைச் சீராக முடுக்கினால் பற்கள் நெருங்கி அமரும். என் தொலைநோக்கியில் கூர்மையான பிம்பம் விழும் இடம் முன்னும் பின்னும் சுமார் 0.03 மி.மீ.தான். வெறுஞ்சுற்று இருந்தால் அதைத் தாண்டித் தாண்டித்தான் போவோம். மூன்றாவது ‘நழுவல்’, பற்களே இல்லாத கிரேஃபோர்டு வகையில் வருவது. அங்கே உருளைத்தண்டு குழலை அழுத்தி உராய்வால் நகர்த்துகிறது; அழுத்தம் குறைந்தால் மாவு மில் பெல்ட் மாதிரி நழுவும். (கிரேஃபோர்டு ஊர்ப்பெயர். அதை அப்படியே விடுவோம்.)

இனி குவியமாக்கி. ஒளியைக் குவிப்பது ஆடி. இந்த உறுப்பு எதையும் குவிப்பதில்லை, குவியம் எங்கே இருக்கிறதோ அங்கே கண்ணருகு வில்லையைக் கொண்டுபோய் நிறுத்துகிறது, அவ்வளவுதான். ஆடியின் வேலைக்கு இதற்குப் பட்டம் கொடுப்பானேன்? ‘குவியத்திருகு’ என்று வைப்போம்.

கடலூரிலிருந்து

*

தம்பிக்கு,

குவியமாக்கியை முன்மொழிந்த கிழவன் நான்தான். ஆடியின் பட்டத்தைத் திருடிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திருகு என்பது கையால் சுற்றும் குமிழ் மட்டும்தானே? மோட்டார் வைத்ததில் குமிழைத் தொடுவதே இல்லை, அதற்கு என்ன சொல்வீர்?

வெறுஞ்சுற்று அருமை. நழுவல் எனக்கு வேண்டியதே. புதுச்சேரிக் காற்றில் உப்பு ஏறிவிட்டது என்று நினைத்து, என் கிரேஃபோர்டுக்குத் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். அன்றிலிருந்து குமிழ் சும்மா சுற்றுகிறது.

‘ஆட்டம்’ மட்டும் இடிக்கிறது. தனியே நின்றால் விளையாட்டு. ‘குழலாட்டம்’ என்று சேர்த்தாலோ, எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘குழல் மாதிரி’ என்றாகிவிடும்!

*

ஐயா,

சிரித்துவிட்டேன். ‘குழல் ஆட்டம்’ என்று இடம் விட்டே எழுதுவோம். மெக்கானிக் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்லை விட எனக்கு மனமில்லை.

திருகுக்கு உங்கள் இலக்கண வகுப்பே துணை. ‘தலைக்கு ஒரு பழம்’ என்றால் தலைக்கா கொடுக்கிறோம்? சினையாகுபெயராக, திருகின் பெயர் முழு உறுப்புக்கும் நிற்கட்டும். மோட்டார் வைத்தாலும் உள்ளே அது சுற்றுவது அதே தண்டைத்தான்.

எண்ணெய்தான் உங்கள் நழுவலுக்குக் காரணம். உராய்வில் ஓடுவதற்கு எண்ணெய் விடவே கூடாது. ஐசோபுரப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு, தண்டையும் அது உரசும் தட்டையான பட்டையையும் துடையுங்கள். அப்புறம் அழுத்தத் திருகைக் கொஞ்சம் முடுக்குங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை அலன் கீயோடு வருகிறேன்.