‘அவநம்பிக்கை’, ‘நம்பிக்கையின்மை’: இரண்டும் ஒன்றா?

கேள்வி (மூன்றாம் மாடி):
எங்கள் குடியிருப்பின் பராமரிப்புக் கணக்கைத் தணிக்கை செய்யலாம் என்று கடிதம் எழுதினேன். ‘பொருளாளர் மீது எங்களுக்கு அவநம்பிக்கை இல்லை’ என்று நல்லெண்ணத்தில்தான் ஒரு வரி சேர்த்தேன். மனிதர் மறுநாள் காலை கணக்குப் புத்தகத்தையும் மோட்டார் அறைச் சாவியையும் என் வாசலில், பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில், வைத்துவிட்டுப் போய்விட்டார். ‘நம்பிக்கையின்மை’ என்று போட்டிருந்தால் தப்பித்திருப்பாய் என்கிறான் தம்பி. அப்படியா?

பதில் (பழைய பிழைதிருத்தி):
முப்பது ஆண்டு நாளிதழில் மெய்ப்புப் பார்த்தவன் சொல்கிறேன்: தப்பித்திருக்க மாட்டீர்கள்.

நம்பிக்கையின்மை வெறும் இல்லாமை. தெருவுக்குப் புதிதாக வந்த மருத்துவரிடம் நமக்கு இருப்பது அதுதான். அவநம்பிக்கையிலோ தீர்ப்பே எழுதியாகிவிட்டது. அவப்பெயர் என்றால் பெயர் இல்லாமையா? கெட்ட பெயர் அல்லவா? இங்கும் அதே ‘அவ’தான். ‘உங்களைத் திருடன் என்று சொல்லவில்லை’ என்று ஒருவர் உங்களிடம் சொன்னால் நிம்மதியாகவா இருக்கும்?

நம்பிக்கை என்ற ஒரே சொல்லை ஆள் மீதும் வைக்கிறோம், நாளை மீதும் வைக்கிறோம். ‘தேறுவேனா என்ற அவநம்பிக்கை’ வெறும் மனச்சோர்வு. அதில் குற்றவாளி கிடையாது. ‘மீது’ வந்தால்தான் ஆள் மாட்டிக்கொள்கிறார். உங்கள் வரியில் வந்துவிட்டது.

ஆட்சி விஷயத்தில் மட்டும் ‘நம்பிக்கையில்லாத் தீர்மானம்’ என்பதே பெருவழக்கு. 1963இல் நேரு அரசின் மீது கிருபளானி கொண்டுவந்தது அது. 1999இல் வாஜ்பாய் அரசு ஒரே வாக்கில் தோற்றது, அரசே கோரிய நம்பிக்கைத் தீர்மானத்தில். அங்கேயும் ‘இல்லா’வைச் செருகி எழுதுவார்கள், எத்தனை முறை அடித்திருப்பேன்!

பதில் (குறள் வகுப்பு):
‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்’ (510). ஆராயாமல் நம்புவதும், நம்பியவரிடம் ஐயம் கொள்வதும் தீராத துன்பம். அந்தக் ‘கண்’தான் பெரியவர் சொல்லும் ‘மீது’. பொருளாளரைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் எத்தனை பேர் இருந்தீர்கள்?

கேள்வி கேட்டவர்:
ஆறு பேர். ‘ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து வைப்போம்’ என்று மட்டும் திருத்தி ஒட்டிவிட்டேன். சாவியை இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை. மூன்று நாளாகத் தண்ணீர் மோட்டாரை நான்தான் போடுகிறேன்.