புதுப்பிப்பு: மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஹாங்காங்குக்கு உறைந்த டுரியான்

ஹாங்காங்கில் தங்கை நடத்தும் கடைக்கு உறைந்த டுரியான் சுளையை விமானத்தில் அனுப்ப வழி கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. சரக்கு கல்லாகவே போய்ச் சேர்ந்தது.

கைகொடுத்தது டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) யோசனைதான். குளிரூட்டிய சரக்குக்கு ஜெல் பை போதும். மைனஸ் 18 டிகிரியில் நிற்க வேண்டியதற்கு, மைனஸ் 78 டிகிரியில் ஆவியாகும் டிரை ஐஸே தோது. தடித்த நுரைப்பெட்டியில் சுளைக்கு மேலாக அதை அடுக்கி, சந்துகளில் செய்தித்தாளைக் கசக்கித் திணித்தோம். “வாயு வெளியேற வழி விடுங்கள், காற்றுப் புகாமல் ஒட்டிவிடாதீர்கள்” என்று எச்சரித்த அண்ணனுக்குத் தனி வணக்கம். செப்பாங் விமான நிலையத்தில் முதலில் தடவிப் பார்த்ததே மூடியின் விளிம்பைத்தான்! ஒன்பதாம் வகுப்பு ஆபத்துப் பொருள் லேபிள், டிரை ஐஸைக் குறிக்கும் யுஎன் 1845 என்ற எண், டிரை ஐஸின் நிகர எடை கிலோவில்: இவை பெட்டியின் மேல் இருந்தாக வேண்டும்.

எதிர்பாராதது ஒன்று. டிரை ஐஸ் நேரே பட்ட பிளாஸ்டிக் டப்பாக்களின் மூடிகள் கண்ணாடி போல விரிசல் விட்டிருந்தன. அடுத்த முறை நடுவே அட்டை வைக்கப்போகிறேன். நான் அஞ்சிய வாசனைத் தகராறு வரவே இல்லை. உறைந்த டுரியான் அவ்வளவாக வாய் திறப்பதில்லை.