கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஞாயிறும் திறந்திருக்கும் லேப் தெரியுமா?

அக்காவுக்குக் கோயம்புத்தூரில் லேப்ராஸ்கோபியில் சினைப்பைக் கட்டி எடுத்து, உள்ளே உறுப்புகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஐகோடெக்ஸ்ட்ரின் திரவத்தை வயிற்றில் விட்டு அனுப்பினார்கள். கோத்தகிரி வந்ததும் பிறப்புறுப்பில் ஒரு பக்கம் நீர் கோத்து வீங்கிவிட்டது, உட்காரவே முடியவில்லை. சிலருக்கு இப்படி வரும், தானே வடியும் என்று டாக்டர் போனில் சொன்னார், சரி.

என் பயம் வேறு. அக்கா இன்சுலின் போடுகிறவர். இந்தத் திரவம் உடம்பில் மால்டோஸ் என்ற வேறொரு சர்க்கரையாக உடையும், சில குளுக்கோமீட்டர் பட்டைகள் அதையும் குளுக்கோஸ் என்று எடுத்துக்கொண்டு அளவைக் கூட்டிக் காட்டும், அதை நம்பி ஊசி போட்டால் சர்க்கரை மிகவும் இறங்கி ஆபத்து. காலையில் மீட்டர் 290 காட்டியது, ஆனால் அக்காவுக்குக் கை நடுங்கி வியர்த்துக் கொட்டியது, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும்தான் தெளிந்தார்.

நரம்பில் ரத்தம் எடுத்து இன்றே குளுக்கோஸ் பார்க்கும் லேப் எது? அப்புறம், இதே வீக்கம் வந்தவர்கள் இருந்தால் எப்போது வடிந்தது என்றும் சொல்லுங்கள்.