புதுப்பிப்பு: ரோக்ஃபோர் சீஸ் பூஞ்சை, இந்த முறை தெளிவாக

ரோக்ஃபோர் என்பது உள்ளே நீலப் பூஞ்சை ஓடும் பிரெஞ்சு சீஸ். போன வாரம் நான் போட்ட அதன் நெருக்கப் படத்தில் நீலத் திட்டு மட்டும்தான் தெரிந்தது. ஃபிளாஷைப் பக்கவாட்டில் வைத்து, பல படங்களை அடுக்கிச் சேர்க்கச் சொன்னீர்கள். செய்துவிட்டேன். நன்றி!

5 மடங்கு பெருக்கத்தில் ஃபோகஸ் ஆழம், அதாவது ஒரு படத்தில் தெளிவாகப் பதியும் தடிமன், சுமார் 0.05 மி.மீ.தான். அதனால் 0.02 மி.மீ. நகர்த்தி நகர்த்தி 80 படங்கள் எடுத்தேன். சீஸ் சூடானால் கொழுப்பு கசிந்து பளபளக்கிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு வேலையை முடிக்க வேண்டும். ஃபிளாஷுக்கு முன்னால் டிரேசிங் பேப்பர் வைத்தேன்.

இப்போது பாருங்கள்: சீஸில் உள்ள குழியின் ஓரத்தில் பஞ்சு மாதிரி வெள்ளை இழைகள், அவற்றின் மேல் நீலப்பச்சைப் பொடி. அந்தப் பொடிதான் பூஞ்சையின் வித்துகள், நிறம் முழுக்க அவற்றுடையதுதான். ஒவ்வொன்றும் சில மைக்ரான்தான், தனித்தனியாகப் பிரித்துக் காண நுண்ணோக்கி வேண்டும். அதில் பார்த்தால் வித்துகளைத் தாங்கும் காம்பின் நுனி தூரிகை போலக் கிளைத்திருக்கும். இந்தப் பூஞ்சை வகையின் பெனிசிலியம் என்ற பெயரே தூரிகைக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

பூஞ்சை ஏன் கோடாக ஓடுகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். சீஸை ஊசியால் குத்தித் துளையிடுவார்கள். காற்று போகும் வழியில் அது வளர்கிறது. என் துண்டிலும் ஒரு துளை நேராகத் தெரிகிறது, எனக்கு மிகவும் பிடித்த படம் அதுதான்.