கடல் அலை நீலமாக ஒளிர்கிறதாமே, நேரில் போய்ப் பார்க்கலாமா?

கேள்வி – வேளச்சேரிவாசி

வாரம் முழுவதும் அலுவலகமும் பிள்ளைகளின் பருவத் தேர்வும் விரட்டிக்கொண்டே இருந்தன. நேற்றிரவுதான் குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் எடுத்ததாகச் சொல்லி என் மைத்துனர் ஒரு காணொளியை அனுப்பியிருந்தார். அதில் கரையில் உடையும் ஒவ்வோர் அலையும் நீலமாகப் பளிச்சிடுகிறது. இன்றிரவே போக வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். அம்மாவோ, கல்பாக்கம் அணுமின் நிலையத்திலிருந்து ஏதாவது கலந்திருக்கும், தண்ணீரில் கால் வைக்கவே கூடாது என்கிறார். 2019 டிசம்பர் தொடக்கத்தில் மெரினாவில் ஒதுங்கிய கழிவுநீர் நுரையை அள்ளி அள்ளி விளையாடியவர்களை நினைத்தால், அம்மாவின் பயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியவில்லை. இது உண்மையான காட்சிதானா? தண்ணீரில் இறங்கலாமா?

மறுமொழி – விலங்கியல் ஆசிரியர்

காட்சி உண்மைதான், ஐயா. 2019 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை இரவு திருவான்மியூர், பெசன்ட் நகர்க் கடற்கரைகளில் இதே போல ஒளிர்ந்தது. 2024 அக்டோபரில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் மீண்டும் தென்பட்டது. கல்பாக்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. நாக்டிலூக்கா சிண்டிலன்ஸ் என்னும் ஒற்றைச் செல் உயிரி பெருமளவில் பெருகும்போது இது நிகழ்கிறது. ஒற்றைச் செல் என்றாலும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் பருமன் உண்டு என்பதால், கடல்நீரைக் கண்ணாடிக் குவளையில் அள்ளி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், ஜவ்வரிசிக் குருணை போல மிதப்பதை வெறும் கண்ணாலேயே பார்த்துவிடலாம். அலை உடைந்து அதன் உடல் அதிரும்போது செல்லுக்குள் குறிப்பிட்ட இடங்களில் அமிலத்தன்மை சட்டென்று கூடுகிறது. உடனே லூசிஃபெரின் என்னும் பொருள் லூசிஃபெரேஸ் நொதியின் துணையால் ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஒளியை உமிழ்கிறது. ஒரு மினுக்கல் நொடியில் பத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. தன்னைத் தின்ன வரும் சிற்றுயிரைத் திடுக்கிடச் செய்வதற்கான தற்காப்பு இது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம்.

இந்த உயிரி மனிதருக்கு நஞ்சூட்டுவதாகத் தெரியவில்லை. ஆனால் தன் உடலில் அம்மோனியாவைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். கூட்டமாக மடியும்போது நீரில் ஆக்சிஜனும் குறைந்துபோகும். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில், மண்டபம் பகுதியில், இதே இனத்தின் பச்சை வகை பெருகி, மீன்கள் செத்து ஒதுங்கின. ஆகவே கால் நனைப்பதோடு நிறுத்திக்கொண்டு, வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

மறுமொழி – புகைப்படப் பித்தன்

பிள்ளைகளை அழைத்துப் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: காணொளியில் தெரியும் அந்த அடர்நீலம் கண்ணுக்கு அப்படியே தெரியாது. மங்கிய வெளிச்சத்தில் நம் கண் நிறத்தைப் பிரித்தறியும் திறனைப் பெரும்பாலும் இழந்துவிடுவதால், அலையின் முகட்டில் வெளிறிய வெள்ளையாக ஒரு கோடு ஓடி மறைவதைப் போலத்தான் பலருக்கும் தோன்றும். கைப்பேசியோ ஒளியைக் கூடுதல் நேரம் வாங்கிச் சேர்த்து நீலத்தைத் தூக்கிக் காட்டுகிறது. தெருவிளக்கும் பஜ்ஜிக் கடை விளக்கும் எட்டாத இடமாகப் பார்த்து நின்று, கைப்பேசித் திரையை அணைத்துவிட்டு, ஒரு கால் மணி நேரம் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். ஈர மணலைக் காலால் தேய்த்தாலும் புள்ளி புள்ளியாக மினுங்கும். எனக்கு அலையைவிட அதுதான் பிடித்தது. அமாவாசையை ஒட்டிப் போனால் மட்டுமே தெரியும் என்று நினைக்கிறேன்.

மறுமொழி – குப்பத்துப் பிள்ளை

அமாவாசை கட்டாயமில்லை, நண்பரே. மேலே ஐயா சொன்ன 2019 ஆகஸ்ட் 18 என்பது பௌர்ணமி கழிந்து மூன்றே நாளான இரவு. உயிரி ஏராளமாக இருந்தால் நிலவிலும் தெரியும். இருட்டு இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும், அவ்வளவுதான். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இது செய்தியே அல்ல. இரவில் வலை விட்டால் கண்ணி கண்ணியாக வலை ஒளிரும், மீன் அதைக் கண்டு விலகிப் போய்விடும் என்று அலுத்துக்கொள்வார்கள். ஊரே செல்ஃபி எடுக்கும் இரவு, அவர்களுக்கு மீன்பாடு இல்லாத இரவு.

உண்மையில் அஞ்ச வேண்டியது நீரோட்டத்துக்குத்தான். பெசன்ட் நகர்ப் பக்கம் அலை உள்ளே இழுக்கும். இருட்டில், வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில், ஒரு பிள்ளை முட்டியளவு தண்ணீருக்குப் போய்விட்டால்கூட உடனே கவனிக்க முடியாது.

இன்னொன்று: இதை வெறும் இயற்கை அதிசயம் என்று சொல்லி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. மழை பெய்தால் அடையாறும் கூவமும் நகரத்துச் சாக்கடையைக் கடலில் கொண்டுவந்து கொட்டுகின்றன. அதிலுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உண்டு நுண்பாசி பெருகுகிறது, அந்தப் பாசியைத் தின்று இது பெருகுகிறது.

மறுமொழி – விலங்கியல் ஆசிரியர்

நீங்கள் சொல்லும் உணவுச் சங்கிலி சரிதான். ஆனால் சாக்கடை கலக்காத கடல்களிலும் இது ஒளிர்கிறது. ஆழத்திலிருந்து சத்துள்ள குளிர்நீர் மேலே வந்தாலும் போதும். ஓரிரவு ஒளிர்ந்ததை மட்டும் வைத்து எதையும் தீர்ப்பாகச் சொல்லக் கூடாது, நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். சென்னைக் கடலோரத்தைப் பொறுத்தவரை உங்கள் சந்தேகம் நியாயமானது என்பதையும் மறுக்கவில்லை.

மறுமொழி – வேளச்சேரிவாசி

அனைவருக்கும் நன்றி. இன்றிரவு போகிறோம், மணலோடு நின்றுவிடுகிறோம். அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டியதும் அடுத்த கேள்வி வந்துவிட்டது: நாளை ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கலாமா?

மறுமொழி – குப்பத்துப் பிள்ளை

தாராளமாக வாங்கலாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். படகில் பிடித்து வந்த மீனா என்று கேட்டு, செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கட்டும். கரையில் செத்து ஒதுங்கிய மீனை மட்டும் யார் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.