மடக்குக்கத்திக் கலைச்சொற்கள்: ‘ஸ்லிப் ஜாயிண்ட்’ பூட்டு அன்று

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கைவினை மடக்குக்கத்தியின் உறுப்புகளுக்காக நாம் தொகுத்துவரும் பட்டியலில் ‘ஸ்லிப் ஜாயிண்ட்’ என்னும் மடக்கு அமைப்புக்கு ‘நழுவுபூட்டு’ என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. அலகு, காம்பு (கைப்பிடிக்குள் அமையும் அலகின் அடிப்பகுதி), அச்சாணி ஆகிய சொற்களில் எனக்கு மறுப்பில்லை. கைப்பிடியின் முனையைக் காக்கும் உலோகப் பகுதிக்கு, உலக்கை முனைக்கு வழங்கிவரும் ‘பூண்’ என்ற சொல்லையே எடுத்துக்கொண்டது மிகப் பொருத்தம். ஆனால் நழுவுபூட்டு என்பதை நாம் கைவிட வேண்டும் என்று வலியுறுத்த விரும்புகிறேன், ஏனெனில் அந்த அமைப்பில் பூட்டு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை.

அவ்வகைக் கத்தியில் கைப்பிடியின் முதுகுப் பக்கம் நெடுக ஓர் எஃகுப் பட்டை கிடக்கிறது. அதன் பின்பகுதி ஆணிகளால் இறுக்கப்பட்டிருக்க, முன்முனை மட்டும் சற்றே வளைந்து எழும்பக்கூடியதாய் அலகின் காம்பை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கிறது. காம்பின் விளிம்பில் சமதளமாகத் தேய்த்த முகங்கள் உண்டு. அலகை விரித்ததும் பட்டையின் முனை ஒரு முகத்தின்மேல் படிந்து நிற்கிறது. மடக்கும்போது காம்பின் மூலை பட்டையை மேலே தள்ளுவதால்தான் விரலுக்கு எதிர்ப்புத் தெரிகிறது. அலகு மடங்காதவாறு குறுக்கே நின்று தடுக்கும் உறுப்பு இங்கு எதுவுமில்லை. அலகின் முதுகில் போதிய விசை விழுந்தால் அது விரல்களின்மீதே மடங்கும். ‘பூட்டு’ என்று படித்த ஒருவர் அதை நம்பிக் குத்தித் துளையிடும் வேலைக்கு இறங்கினால் காயம் உறுதி. எனவே இதனை வெறும் சொல்லழகு பற்றிய கருத்து வேறுபாடாக நான் பார்க்கவில்லை.

இவ்வமைப்புக்கு ‘வில்மூட்டு’ என்றும், அந்தப் பட்டைக்கு ‘முதுகுவில்’ என்றும் பெயரிடலாம் என்பது என் முன்மொழிவு. வில் என்றால் அம்பு எய்யும் வில்தானே நினைவுக்கு வரும் என்று ஒருவர் கேட்டிருந்தார். சுருள்வில் என்ற சொல் இயற்பியல் பாடநூல்களில் நிலைபெற்றுவிட்ட பிறகு அந்த ஐயத்துக்கு இடமில்லை. வளைந்து, மீண்டும் தன் நிலைக்குத் திரும்பும் இயல்பே இங்கு அடிப்படை. அதைத்தான் இச்சொல் சுட்டுகிறது.

கைவினைஞரின் திறம் முழுவதும் வெளிப்படும் இடமும் இந்த முதுகுவில்தான். அலகு விரிந்த நிலையிலும், மூடிய நிலையிலும், அரைநிறுத்தம் வைத்துச் செய்த கத்தியாயின் நடுவில் நிற்கும் நிலையிலும், வில்லின் வெளிவிளிம்பு பக்கத்தகடுகளோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். விரலால் தடவினால் மேடோ பள்ளமோ தெரியக் கூடாது. இதற்காகக் காம்பின் முகங்களைச் சிறிது தேய்ப்பதும், கோத்துப் பார்ப்பதும், மறுபடி கழற்றித் தேய்ப்பதுமாக வேலை நீளும். கடினத்தன்மையிலும் இரண்டும் வேறுபட வேண்டும்: அலகை ராக்வெல் சி அளவுகோலில் ஏறத்தாழ 58 முதல் 62 வரை வைப்பார்கள், முதுகுவில்லையோ கூடுதல் வெப்பத்தில் பதப்படுத்தி 50-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இறக்குவார்கள். அலகைப்போல் கடினமாக விட்டால் வில் முறிந்துவிடும். அலகு இயங்கும் சீரை ‘நடை’ என்றும், நிலைக்கு வந்து விழும்போது எழும் ஓசையைப் ‘பேச்சு’ என்றும் சொல்லும் வழக்கம் இத்தொழிலில் உண்டு. இவ்விரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தமிழில் இயல்பாகவே அமைந்திருக்கின்றன.

உண்மையான பூட்டுகளுக்கு வருகிறேன். ‘லைனர் லாக்’ என்பதற்கு ‘உள்தகட்டுப் பூட்டு’ பொருந்தும். கைப்பிடிக்குள் இருக்கும் உலோகத் தகட்டையே ஒரு நாவாக வெட்டி உட்புறம் வளைத்துவிட, அலகு விரிந்ததும் அந்த நா காம்பின் பின்னால் வந்து முட்டுக்கொடுத்து நிற்கிறது. இதன் முன்வடிவங்கள் பழையவை. இன்று காணும் வடிவத்தை 1980களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் அமெரிக்கக் கைவினைஞர் மைக்கேல் வாக்கர். காம்பின் முகத்தைச் சில பாகை சாய்த்துத் தேய்ப்பதால், தேய்மானம் ஏற்படுந்தோறும் நா இன்னும் சற்று உள்ளே நகர்ந்து இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. நாவில் பதித்த சிறு குண்டு, கத்தி மூடியிருக்கையில் காம்பிலுள்ள குழியில் இறங்கி, அலகு தானாக விரிந்துவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அக்குண்டுக்கு ‘பிடிமணி’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன்.

‘ஃபிரேம் லாக்’ சற்றுச் சிக்கலானது. கத்திக் கைவினைஞர் கிறிஸ் ரீவ் தம் ‘செபென்சா’ என்னும் மடக்குக்கத்தியால் பரவலாக்கிய இந்த அமைப்பில், உள்தகட்டுக்கு மாறாகக் கைப்பிடியின் கனத்த பக்கச்சுவரே நாவாகிறது. ‘சட்டப் பூட்டு’ என்றால் சட்டத்துறைச் சொல்போல் ஒலிக்கிறது. ‘பிடிச்சுவர்ப் பூட்டு’ நீளமானாலும் தெளிவானது. இந்நாவுக்குப் பெரும்பாலும் டைட்டானியக் கலவையைத் தேர்வதற்குக் காரணம், அது எஃகைவிட எடை குறைந்தது, நன்கு வளைந்து மீளக்கூடியது என்பதே. ஆயினும் எஃகைப்போல் அதைக் கடினமாக்க முடியாது; எஃகுக் காம்போடு உரசும்போது ஒட்டிக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. அதனால் சிலர் நாவின் முனையில் கார்பைடு என்னும் மிகக் கடினமான சேர்மத்தைப் பூசுகிறார்கள், சிலர் கடினமாக்கிய எஃகுத் துண்டொன்றைப் பொருத்துகிறார்கள். பின்னதை ‘முனைச்செருகு’ என்று அழைக்கலாம்.

பொருள்களின் பெயர்களில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். வெற்றிடத்தில் மரத்தின் துளைகளுக்குள் பிசினை ஏற்றி இறுகவைத்த கைப்பிடி மரத்துக்கு ‘நிலைப்படுத்திய மரம்’ என்பதைவிடப் ‘பிசினூட்டிய மரம்’ மேலானது. செய்முறையே பெயரில் தெரிகிறது. இன்று ‘டமாஸ்கஸ்’ என்ற பெயரில் விற்கப்படும் எஃகை ‘அடுக்கெஃகு’ என்போம். இருவேறு எஃகுகளை அடுக்கி, சூடேற்றி, அடித்து ஒன்றாக்கியபின் எஃகை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் தோய்த்தால், நிக்கல் கலந்த அடுக்குகள் பளிச்சென்று நிற்க மற்றவை கருத்து, வரிகள் தெரிகின்றன. பழைய டமாஸ்கஸ் வாள்களின் கோலமோ மூசையில் உருக்கிய ஒரே கட்டி எஃகினுள் கார்பைடுகள் வரிசைப்பட்டதால் விளைந்தது. இரண்டையும் ஒரே பெயரால் வழங்குவது தவறு.

வில்மூட்டு, முதுகுவில், அடுக்கெஃகு ஆகிய மூன்றையும் பட்டியலில் உறுதிசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். பிடிச்சுவர்ப் பூட்டு என்பதைவிடச் சுருக்கமான சொல் எவருக்கேனும் தோன்றினால், பட்டறையில் வேலைசெய்பவர் சொல்லிப் பார்க்கையில் நாக்கில் தடுமாறாததாக அது இருக்கட்டும்.