வில்லின் முதுகில் என்ன ஒட்டலாம்? சாக்கா, தோலா, மூங்கிலா?

பென்னாகரத்தான்:
மர டிப்போவில் வாங்கிய தேக்குச் சட்டத்தில் 66 அங்குலத்துக்கு ஒரு வில் செய்தேன், 24 அங்குலம் இழுத்ததும் படார் என்று போய்விட்டது. உடைந்த துண்டைப் பார்த்தால் முதுகுப் பக்கம், அதாவது எய்பவனுக்கு எதிர்ப்பக்கம், நார் ஓரமாக நழுவி வெளியே ஓடியிருக்கிறது, அங்கேதான் சிலும்பு கிளம்பியிருக்கிறது. இப்போது தடசு மரத்தில் இரண்டாவது தயார், இழுக்கும் விசை 30 பவுண்டு போதும். முதுகில் ஏதாவது ஒட்டினால் தாங்கும் என்கிறார்கள். வீட்டில் சணல் சாக்கு நிறைய கிடக்கிறது, அதையே ஒட்டலாமா?

அரூர்க்காரன்:
சாக்கு வேண்டாம். நெசவு முரடு, பசையை எல்லாம் குடித்துவிட்டுக் கனம்தான் ஏறும், அதுவும் வில் நுனியில் கனம் ஏறினால் அம்பு மந்தமாகப் போகும். ஆட்டுத்தோல் பாருங்கள். செருப்புக்கு வரும் பதனிட்ட தோல் இல்லை, அது இழுத்த இழுப்புக்கு வரும், உதவாது. பம்பை, மேளம் கட்டுபவர்களிடம் மயிர் நீக்கிய பச்சைத்தோல் இருக்கும். மெலிசாகக் கேளுங்கள். ஊறவைத்து, பிழிந்து, முதுகை உப்புத்தாளால் தேய்த்து ஃபெவிகால் தடவி ஒட்டி, துணி நாடாவால் நெருக்கமாகச் சுற்றிவிடுங்கள். ஒரு வாரம் நாண் ஏற்றக் கூடாது. தோல் விசையைக் கூட்டாது, சிலும்பு எழாமல் அமுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். மழைக்காலத்தில் ஈரம் இழுக்கும், மேலே வார்னிஷ் அடிக்க மறக்காதீர்கள்.

தேன்கனிக்கோட்டை:
மூங்கிலை விட்டுவிட்டீர்களே! ஆனால் ஒன்று, தோல் போர்வை மாதிரி, மூங்கில் பாதி வில்லே. மேல்தோல் பக்கம் வெளியே இருக்க வேண்டும், அதைச் சீவவே கூடாது, கணுவை லேசாகத் தேய்த்தால் போதும். உள்பக்கத்தைத் தட்டையாக இழைத்து நடுவில் 3 மில்லிமீட்டர், நுனியில் அதில் பாதி. ஆசைப்பட்டுத் தடியாக விட்டேன் ஒரு தடவை. முதுகு அசையவில்லை, வயிற்றுப்பக்க, அதாவது எய்பவனைப் பார்த்த பக்க, மரம்தான் நசுங்கிக் குறுக்கே மயிர்க்கோடு மாதிரி மடிப்புகள் விழுந்தன, அன்றோடு வில் செத்தது. இழுவையில் மூங்கில் அவ்வளவு வலு. மூங்கிலுக்கு அடியில் இருக்கும் மரம் மென்மையானால் மூங்கில் பட்டையின் அகலத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். காட்டில் போய் வெட்டாதீர்கள், வனத்துறை பிடித்தால் வில்லும் போகும் ஆளும் போவார்.

கூடுக்காரன்:
தர்மபுரியில் பட்டுக்கூடு அங்காடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரும் பட்டுத்துணி பற்றிப் பேசவில்லை! பழைய பட்டுத்துணியை, ஜரிகையை விட்டுவிட்டு, இழை நீளவாக்கில் வருமாறு கிழித்து இரண்டு அடுக்கு ஒட்டிப் பாருங்கள், கனமே தெரியாது. தோலைவிடச் சுலபம். ஆனால் முதல் வில் உடைந்தது நார் ஓடியதால். அந்தச் சட்டத்தில் எதை ஒட்டியிருந்தாலும் கொஞ்ச நாள் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான். புதியதில் நார் நுனிவரை நேராக ஓடுகிறதா, வில்லின் இரண்டு கையும், அதாவது பிடிக்கு மேலும் கீழும் உள்ள பாதிகள், ஒரே மாதிரி வளைகிறதா, அதை முதலில் சொல்லுங்கள். நம்மூர் நடுகல்லில் வீரன் வில் பிடித்து நிற்கிறான், முதுகில் என்ன ஒட்டினான் என்று கல் சொல்ல மாட்டேன் என்கிறது.

பென்னாகரத்தான்:
நன்றி அண்ணன்களா. நார் நேராகத்தான் இருக்கிறது, கீழ்க்கை மட்டும் கொஞ்சம் விறைப்பு, சீவிச் சரி செய்தேன். மேளக்காரர் ஒரு துண்டுத் தோல் சும்மாவே கொடுத்தார். ஒட்டிப் பரணில் காய வைத்திருக்கிறேன். பூனை இரண்டு தடவை வந்து மோந்துவிட்டது, ஒரு வாரம் தாங்குமா தெரியவில்லை.